மூடிய ஆலைக்குள் ஒரு பௌதிகப் பாடம்



எனக்குச் சொந்த ஊர் பிள்ளைச்சாவடி. சிறு வயதில் கோடை விடுமுறை விட்டதும் முதலியார்பேட்டையிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தத் தெருவில் அப்போது கடிகாரம் பார்க்கிற வழக்கமே கிடையாது. ஆலைச் சங்கு ஊதினால் உலை வைப்பார்கள். அடுத்த சங்குக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். பெரியப்பா ஓர் ஆலையில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டிலும் அவர் உரக்கத்தான் பேசுவார். நாங்கள் மெதுவாகப் பேசினால் எங்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். கோபக்காரர் என்று பயந்திருந்தேன். நூறு தறிகளுக்கு நடுவே நிற்பவனுக்கு வேறு விதமாகப் பேச வராது என்பது பௌதிகம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்று அந்தச் சங்குகள் ஊதுவதில்லை. ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற ஏ.எப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. மூடிய ஆலையை என்ன செய்வது? இடித்துவிட்டு இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாம். பழைய கோயிலையும் கோட்டையையும் போலக் காப்பாற்றியும் வைக்கலாம். "கோயிலில் சிற்பம் இருக்கிறது, கோட்டையில் சரித்திரம் இருக்கிறது, ஆலையில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நீலத் துணி போன வழி

இயந்திரம் வைத்து நூல் நூற்கும் ஆலை புதுச்சேரிக்கு 1820களின் கடைசியிலேயே வந்துவிட்டது. பம்பாயில் முதல் நூற்பாலை ஏற்பட்டது 1850களில்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு முந்திய சங்கதி என்பது தெரியும். இங்கே நெய்து அவுரியில் தோய்த்த கருநீலத் துணிக்குக் 'கினே' என்று பெயர். அது கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரைக்குப் போயிற்று. அங்கே அதுவே ஏறக்குறைய நாணயம் மாதிரி. துணியைக் கொடுத்து வேலம் பிசினை வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய், துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. முதலியார்பேட்டைக்காரர் துணிக்கும் ஐரோப்பியப் பெண்ணின் பூப்போட்ட பாவாடைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்தது.

பின்னாளில் மூன்று பெரிய ஆலைகள் நின்றன. சவானா, கெப்ளே, ரோடியர். சவானா ஆலை சுதேசி மில் ஆயிற்று. கெப்ளே ஆலை பாரதி மில் ஆயிற்று. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலைதான் ஏ.எப்.டி. 1980களில் இது புதுச்சேரி அரசின் கைக்கு வந்தது. நகரில் இந்த ஆலைகளின் சம்பளத்தை நம்பி வாழாத தெரு குறைவு என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

காப்பாற்றப்பட்ட ஓர் ஆலை நகரம்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடமேற்கே லோவல் என்றொரு ஊர். மெரிமாக் ஆறு அங்கே சுமார் 10 மீட்டர் கீழே இறங்குகிறது. 1820களில், அதாவது புதுச்சேரியில் முதல் ஆலை எழும்பிய அதே பத்தாண்டில், அங்கும் பஞ்சாலைகள் எழும்பின. ஆற்று நீரைச் சுமார் 9 கிலோமீட்டர் நீளக் கால்வாய்களில் பிரித்துவிட்டு ஆலைச் சக்கரங்களைச் சுழற்றினார்கள்.

ஒரு கன மீட்டர் நீர் 10 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு? நிறை 1000 கிலோகிராம், புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 10. பெருக்கினால் 98,000 ஜூல். விநாடிக்கு ஒரு கன மீட்டர் பாய்ந்தால் 98 கிலோவாட். ஆனால் இவ்வளவும் சக்கரத்துக்கு வந்து சேராது. எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அளந்து அளந்து பார்த்தவர் ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற பொறியாளர். 1840களின் இறுதியில் அவர் லோவலில் உருவாக்கிய நீர்ச்சுழலி, நீரின் ஆற்றலில் 100க்கு 90 பங்கை நெருங்கும் அளவுக்கு வேலையாக மாற்றியது. இன்று உலகின் மாபெரும் நீர்மின் நிலையங்களில் சுழல்வது அதன் வழித்தோன்றலே. 'பிரான்சிஸ் டர்பைன்' என்று உங்கள் அண்ணன்மார் பாடப் புத்தகத்தில் படிப்பது இவரைத்தான்.

இவரைப் பற்றி இன்னொரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1850இல் கால்வாயின் குறுக்கே ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 7.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெரிய மரக் கதவைக் கட்டித் தொங்கவிட்டார். "இவ்வளவு வெள்ளம் எப்போது வரப்போகிறது?" என்று ஊரார் சிரித்தார்கள். 'பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1852இல், வெள்ளம் வந்தது. கதவை இறக்கினார்கள். ஊர் தப்பியது. கதவின் ஒரு புறம் முழுவதும் நீர், மறுபுறம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு அதன்மேல் விழும் விசையைக் கணக்கிடுங்கள். சராசரி அழுத்தம் பாதி ஆழத்தில் உள்ளது. அதைப் பரப்பால் பெருக்க வேண்டும். சுமார் 225 டன் எடைக்குச் சமமான விசை வரும். 1936 வெள்ளத்திலும் அதே மரக் கதவு மீண்டும் இறக்கப்பட்டு ஊரைக் காத்தது.

லோவல் ஆலைகளும் ஒருநாள் ஓய்ந்தன. முதலாளிகள் தெற்கு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். கட்டடங்கள் பாழடைந்தன, கால்வாய்களில் குப்பை சேர்ந்தது. எல்லாவற்றையும் தூர்த்து இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது "இந்தக் கட்டடங்களே பள்ளிக்கூடமாகட்டும்" என்று விடாமல் வாதாடியவர்களில் முதன்மையானவர் பாட்ரிக் மோகன் என்ற கல்வியாளர். (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று எண்ணிவிடாதீர்கள்!) 1978இல் அமெரிக்க அரசு அந்த ஆலைப் பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தது. அங்கே பூட் ஆலையின் நெசவுக்கூடத்தில் பழைய தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காதில் வைக்க அடைப்பான் தருகிறார்கள். என் பெரியப்பாவுக்கு யாரும் அப்படி ஒன்றைத் தந்ததாக நினைவில்லை.

நமக்கு அருவி இல்லை

புதுச்சேரி சமதரை. இங்கே ஆறு 10 மீட்டர் குதிப்பதில்லை. தமிழ்நாட்டில் லோவலைப் போன்ற ஓர் இடம் உண்டென்றால் அது பாபநாசம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் வீழ்ச்சியை நம்பித்தான் அங்கே பஞ்சாலை வைத்தார்கள். நெல்லை மாவட்ட மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அருவி இல்லாத ஊரில் நீராவிதான் கதி. நீராவி என்றால் கொதிகலன். கொதிகலன் என்றால் புகைபோக்கி. புகைபோக்கி ஏன் அத்தனை உயரம்? புகையை ஊருக்கு மேலே விடுவதற்கு என்று நினைப்போம். அது பாதிக் காரணம்தான். அடுப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுப்பதே அதன் பெரிய வேலை. 30 டிகிரி வெப்பத்தில் வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்கு சுமார் 1.15 கிலோகிராம். உள்ளே 200 டிகிரியில் விரிந்த புகை அதே கன மீட்டருக்கு 0.74 கிலோகிராம்தான். வித்தியாசம் 0.41. புகைபோக்கி 40 மீட்டர் உயரம் என்றால், 0.41ஐ 40ஆலும் 9.8ஆலும் பெருக்க, சுமார் 160 பாஸ்கல் அழுத்த வேறுபாடு. நீர் மட்டத்தில் சொன்னால் 16 மில்லிமீட்டர்! இவ்வளவு சிறிய அழுத்தம் இரவும் பகலும் கூலி கேட்காமல் காற்றை இழுத்தது. உயரத்தைப் பாதியாக்கினால் இழுப்பும் பாதியாகிவிடும்.

கூரையைப் பாருங்கள்

பழைய ஆலை எதையாவது கடக்கும்போது ரம்பத்தின் பல்லைப் போன்ற கூரையைக் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் சாய்வான ஓடு அல்லது தகடு. மறு பக்கம் கண்ணாடி. கண்ணாடி பெரும்பாலும் வடக்கு நோக்கி இருக்கும். அறுந்த நூலைக் கண்டுபிடிக்க வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் விழுந்தால் கண் கூசும், கூடம் அடுப்பாகிவிடும். வடக்கு வானத்தின் பரவிய வெளிச்சம் இரண்டு தொல்லையும் இல்லாதது. இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த நல்ல உபாயம் இது.

நல்ல உபாயம்தான், மான்செஸ்டருக்கு! அந்த நகரம் வட அட்சரேகை 53½ டிகிரியில் உள்ளது. ஜூன் 21ஆம் தேதி நண்பகலில்கூட சூரியன் அங்கே தலைக்குத் தெற்கே 30 டிகிரி தள்ளித்தான் நிற்கும். புதுச்சேரியோ 12 டிகிரியில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23½ டிகிரி வரை போகிறான் அல்லவா? அப்போது நம் தலைக்கு வடக்கே 11½ டிகிரி சாய்ந்து நிற்பான். ஏப்ரல் மூன்றாம் வாரத்திற்குப் பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, நம் கொடுங்கோடை முழுவதும், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே! மான்செஸ்டர் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நேர் வெயில் கண்ணாடி வழியே உள்ளே இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? கண்ணாடி செங்குத்தாக நின்றால், ஜூன் நண்பகலில் கதிரின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன்மேல் விழும். 11½ டிகிரியின் சைன் மதிப்பு 0.2 என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கண்ணாடியைத் தரைக்கு 60 டிகிரி சாய்வில் வைத்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு விழும். போதாக்குறைக்கு, சாய்ந்த கண்ணாடியில் மார்ச் 21 நண்பகலிலும் வெயில் படும். செங்குத்துக் கண்ணாடியில் அன்று படவே படாது. 30 டிகிரி சாய்வு மாற்றத்தில் ஒரு நெசவாளியின் நண்பகல் அடங்கியிருக்கிறது. கூரையை இடித்துவிட்டால் இந்தக் கோணத்தை அளக்க வழியில்லை. புகைப்படத்தைப் பார்த்து ஒருவாறு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நூலுக்கு நல்லது உடம்புக்கு ஆகாது

பஞ்சு நீரை விரும்பும் பொருள். சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் உலர்ந்த பஞ்சு சுமார் 8 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். ஈரம் ஏறினால் பஞ்சு நூல் வலுவாகும். காற்று வறண்டால் இழைகள் உராய்ந்து மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும், சிலிர்க்கும், அறுபடும். (மார்கழியில் நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடப்பது இதன் உறவுதான்.) ஆகவே நெசவுக் கூடத்தில் ஒப்பு ஈரப்பதத்தை 80 சதவீதம் போல வைத்திருப்பார்கள். பஞ்சாலைகள் கடலோர ஊர்களைத் தேடி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடற்காற்று போதாதபோது நீராவியை அல்லது நீர்த்துளிகளைக் கூடத்துக்குள் செலுத்துவார்கள்.

இனி அந்தக் கூடத்தில் நிற்கும் மனிதனைக் கவனிப்போம். நடந்தும் குனிந்தும் வேலை செய்யும் உடம்பு சுமார் 300 வாட் வெப்பம் உண்டாக்குகிறது என்று கொள்வோம். மணிக்கு 10,80,000 ஜூல். சுற்றிலும் 33 டிகிரி வெப்பம் இருக்கும்போது காற்று இதை எடுத்துக்கொள்ளாது. வியர்வை ஆவியானால்தான் வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். வகுத்தால் மணிக்கு 450 கிராம். அதாவது மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைய வியர்வை உடம்பிலிருந்து ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டுவது கணக்கில் சேராது.

ஆவியாக விடுமா அந்தக் காற்று? 35 டிகிரியுள்ள ஈரத் தோலின்மேல் நீராவியின் அழுத்தம் சுமார் 42 மில்லிமீட்டர் பாதரசம். 33 டிகிரிக் காற்றில், ஒப்பு ஈரப்பதம் 40 ஆனால் 15 மில்லிமீட்டர்; 80 ஆனால் 30. வித்தியாசம் முதலில் 27 இருந்தது. பிறகு 12 ஆகிவிட்டது. வியர்வையை உலர்த்தும் உந்துதல் பாதிக்கும் கீழே போய்விட்டது. நூலுக்கு உகந்த காற்று ஆளை வேகவைக்கிறது. ஆலைக்குள் எவ்வளவு ஈரம் ஏற்றலாம் என்பதற்கு இங்கிலாந்திலேயே 1889இல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கோடு 1936ஐ நோக்குங்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தொழிலாளர்கள் வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள். சங்கம் அமைக்கும் உரிமை கேட்டார்கள். வ. சுப்பையா போன்றோர் அவர்களைத் திரட்டினார்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, 1937இல், பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். நாளுக்கு 12 மணி என்றால் உடம்பு ஆவியாக்க வேண்டியது 5.4 லிட்டர், 8 மணி என்றால் 3.6 லிட்டர். அவர்கள் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டிருக்கமாட்டார்கள். போடத் தேவையும் இருக்கவில்லை.

மெரிமாக் வெள்ளத்தை மரக்கதவு தடுத்ததும் அதே 1936இல்தான். லோவலில் அந்தக் கதவு இருந்த இடத்தை இன்றும் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள்.

காற்றும் துருவும்

யாரும் இடிக்காமலே கட்டடம் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. ஆலைக் கூரைகளும் தப்பவில்லை. காற்றின் வேகம் மணிக்கு 126 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 35 மீட்டர் என்று கொண்டால், அதன் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு 735 நியூட்டன். 75 கிலோ எடை. சாய்ந்த கூரையின் மறைவுப் பக்கத்தில் இந்த அளவை ஒட்டிய இழுப்பு மேல்நோக்கி ஏற்படலாம். ஒரு தகரக் கூரை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோகூட இராது. பிடித்திருக்கும் கொக்கிகளும் ஆணிகளும்தான் கூரை. அவை துருப்பிடித்திருந்தால்?

துருவைப் பற்றிப் பிள்ளைச்சாவடிக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் வர்ணம் அடித்தாலும் பொருக்குத் தட்டும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பு மெல்ல மெல்லத் தன்னையே கரைக்கும் ஒரு மின்கலமாகிவிடும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. சுவருக்குள் பதித்த உத்தரம் துருப்பிடித்தால் உள்ளிருந்தே சுவரைப் பிளக்கும். ஓடிக்கொண்டிருந்தவரை ஆலையில் எண்ணெயும் ஆள் கவனிப்பும் இருந்தன. பூட்டிய நாளிலிருந்து கடலின் ஆட்சிதான்.

எதைக் காப்பது?

புதுச்சேரியில் பாரம்பரியக் கட்டடம் என்றால் கடற்கரையோர மஞ்சள் சுவர்களே எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 1870களைச் சேர்ந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் மீண்டும் கட்டினார்கள். அதில் தவறில்லை, முகப்பு அழகுக்கென்றே நின்ற கட்டடம் அது. ஆலையை அப்படி மறுபடி கட்ட முடியாது. ஆலை என்பது ஓர் ஏற்பாடு. கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் உள்ள தூரம், ஒரே இயந்திரத்திலிருந்து நூறு தறிகளுக்கு விசை கொண்டுபோன அச்சுத்தண்டின் தாங்கிகள், தரையில் அதிர்ச்சியைத் தாங்கப் போட்ட கல், எண்ணெய் ஊறிய பலகை, இவை சேர்ந்ததுதான் அது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்றைக் கட்டினால், கைக்கடிகாரத்தின் மூடியைப் பத்திரப்படுத்தி உள்ளிருக்கும் சக்கரங்களை எடைக்குப் போட்ட கதையாகும். மும்பையில் பல ஆலைகளுக்கு அதுதான் நேர்ந்தது. சில இடங்களில் புகைபோக்கி மட்டும் வணிக வளாகங்களுக்கு நடுவே நிற்கிறது.

எல்லாவற்றையும் காக்க முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம் விலையேறிய ஊர் இது. சம்பளம் போனவர்களுக்குக் கண்காட்சிச் சாலை சோறு போடாது என்று என் பெரியம்மா மகனே என்னிடம் சண்டைக்கு வருவான். அவன் சொல்வதும் நியாயம். லோவல்காரர்களும் வெறும் கண்காட்சியோடு நிற்கவில்லை. பல ஆலைக் கட்டடங்களில் குடியிருப்பும் அலுவலகமும் வைத்தார்கள், ஒன்றிரண்டில் தறி ஓட்டினார்கள். ஒரு கூடமாவது, கூரையும் தறியும் அச்சுத்தண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்படி, நமக்கும் வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோவையோ மதுரையோ பாபநாசமோ, உங்கள் ஊரில் பழைய ஆலை இருந்தால் சாலையில் நின்றபடியே (உள்ளே நுழையாதீர்கள், பழைய கூரை யாரையும் விசாரித்துக்கொண்டு விழாது) கூரையின் கண்ணாடி எந்தத் திசையை நோக்குகிறது, தரைக்கு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு கோணமானி, ஒரு நூல், நூல் நுனியில் ஒரு சிறு கல் போதும். புகைபோக்கி இருந்தால் அதன் நிழலையும், பக்கத்தில் நட்ட ஒரு மீட்டர் குச்சியின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து உயரத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் ஊரின் அட்சரேகையை எடுத்துக்கொண்டு, ஜூன் 21 நண்பகலில் அந்தக் கண்ணாடியில் எத்தனை பங்கு வெயில் விழும் என்று கணக்கிடுங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது பக்கத்துத் தெருவில் இருந்தால் அவரிடம் போய், "சித்திரை வைகாசியில் நண்பகலில் எந்தத் தறி வரிசையில் நிற்க முடியாது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் கணக்கும் ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேள்வியைச் சற்று உரக்கக் கேளுங்கள்.